முதலெழுத்தின் வழியே: பாட்டுப் புத்தகம் பேணுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சினிமாக் கொட்டகை வாசலிலும் திருவிழாக் கடைத்தெருவிலும் சில அணாக்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை, படம் ஊரைவிட்டுப் போன பிறகும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட மனமின்றி, தகரப் பெட்டியிலும் பரண்மேலும் பத்திரப்படுத்தி, தந்தைக்குப் பின் மகனும் மகனுக்குப் பின் பேத்தியுமாகக் காத்துவரும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதையில் ஒரு பங்கு உங்களுக்கும் உரியது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை வேண்டிக்கொள்வதே இம்மடலின் நோக்கம். நம்முடைய திரைப்பாட்டுகள் அனைத்துக்கும், உங்கள் பெட்டிகளில் உள்ள புத்தகங்களையே ஆதாரமாகக் கொண்டு, முதலெழுத்தின் வரிசைப்படி ஒரு முதற்குறிப்பு அகராதி உருவாக வேண்டும். அதை நீங்கள் தொடங்கிவைக்க வேண்டும்.

நாவலுக்கும் நாடகத்துக்கும் ஆசிரியர் தலைப்பு வைக்கிறார். நம் நாட்டுப் பாட்டுக்கோ அதன் தொடக்கமே பெயர். தியாகராஜரின் கிருதியை நாம் பல்லவியின் முதற் சொற்களால் அல்லவா குறிப்பிடுகிறோம்? நாடக மேடையிலும் ஆரம்ப காலப் பேசும் படங்களிலும் ஒரு பாட்டுக்கு மேலே 'வர்ணமெட்டு' என்று போட்டு, ஏற்கெனவே ஜனங்களிடையே பிரசித்தி பெற்றிருந்த வேறொரு பாட்டின் முதலடியை அச்சிடுவார்கள். ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் தெரியாத வாசகனும், அந்த முதலடியைக் கண்ட மாத்திரத்தில் மெட்டை அறிந்து பாடத் தொடங்கிவிடுவான். ஒரு பாட்டின் தொடக்கச் சொற்கள் இன்னொரு பாட்டுக்கு இசைக்குறிப்பாகப் பயன்படும் அளவுக்கு, முதலடியின் அதிகாரம் நம்மிடையே வேரூன்றியிருந்தது.

அச்சு வந்த காலத்தில் நம் பதிப்பாசிரியர்களும் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். திருக்குறளின் நல்ல பதிப்பு எதைப் புரட்டினாலும் கடைசியில் குறள்களின் முதற்குறிப்பு அகராதி இருக்கும், தேவாரப் பதிப்புகளிலும் திவ்வியப் பிரபந்தப் பதிப்புகளிலும் பாட்டு முதற்குறிப்பு இருக்கும், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த நூல்களில் முகவுரைக்கும் உரைக்கும் செலுத்திய சிரத்தை இறுதியிலுள்ள அகராதிகளிலும் குறைவின்றித் தெரியும். ஓதுவாரிடம் கேட்ட ஒரு பாட்டின் முதற் சொல்லை மட்டும் மனத்தில் ஏந்தி வந்தவன், இன்ன திருமுறை, இன்ன தலம் என்பதொன்றும் அறியாதவனாயினும், அந்த அகராதியின் உதவியால் தன் பாட்டை நிமிஷத்தில் கண்டுகொள்ள முடிந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வெளியான நாள் தொடங்கி இன்றுவரை நம் ஜனங்கள் மிகுதியாகப் பாடியும் கேட்டும் வந்திருக்கும் பாட்டு, திரைப்பாட்டே. பக்திப் பாடலுக்கும் சங்கச் செய்யுளுக்கும் கிடைத்த அந்தச் சௌகரியம் இதற்கும் கிடைக்க வேண்டுமென்று கேட்பது நியாயமே அல்லவா?

இப்பொழுது நாம் பாட்டைத் தேடும் வழிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்று நடிகர் பேரால் தேடுகிறோம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி, கே. வி. மகாதேவன், இளையராஜா என்று இசையமைப்பாளர் பேரால் தேடுகிறோம். பாடகர் பேராலும் படத்தின் பேராலும் தேடுகிறோம். இவையெல்லாம் நல்ல வழிகளே. எனினும் இவை ஒவ்வொன்றும் பாட்டுக்கு வெளியே உள்ள ஒருவருடைய புகழைப் பற்றிக்கொண்டு நடப்பவை. ஆகையால் புகழ் பெற்றவர்களின் பாட்டுகள் மேலும் மேலும் கேட்கப்படுகின்றன. ஒரே படத்தோடு மறைந்துபோன இசையமைப்பாளரும், நான்கைந்து பாட்டு எழுதி ஒதுங்கிவிட்ட கவிஞரும், ஓடாத படத்தில் இடம்பெற்ற உயர்ந்த பாட்டும் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகின்றனர். படம் தெரியாது, பாடியவர் யாரென்று தெரியாது, இளமையில் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்ட இரண்டு சொற்கள் மட்டும் நாவில் நிற்கின்றன என்று சொல்லும் ஒரு மூதாட்டிக்கு இவ்வழிகளில் எது உதவும்? பாட்டுக்கு உள்ளேயே இருக்கும் அடையாளம் ஒன்றுதான் அவருக்குத் துணை. அந்த அடையாளம் முதலெழுத்து.

தேடியதைத் தருவதோடு இந்த வரிசையின் உபகாரம் முடிந்துவிடுவதில்லை. தேடாததையும் அது நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'நி' என்னும் ஓர் எழுத்தில் சில வரிகளை மாத்திரம் என்னோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிப'னில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'நிலவு ஒரு' என்பது முதலில் நிற்கும். அடுத்து 1962-இல் வந்த 'போலீஸ்காரன் மக'ளில் பி. பி. ஸ்ரீனிவாஸ் குரலில் ஒலித்த 'நிலவுக்கு என்மேல்'. அதன் கீழே 1961-இன் 'தேன் நிலவு'க்கு ஏ. எம். ராஜா இசையமைத்துத் தாமே பி. சுசீலாவோடு பாடிய 'நிலவும் மலரும்'. அடுத்த வரியில் 1966-இன் 'ராமு'வில் மறுபடியும் ஸ்ரீனிவாஸ் பாடிய 'நிலவே என்னிடம்'. நெடில் வரும் இடத்தில் 1987-இன் 'நாயக'னில் இளையராஜா இசையமைத்துத் தாமே பாடிய 'நிலா அது' வரும். பிறகு 1995-இல் வந்த 'இந்திரா'வுக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'நிலாக் காய்கிறது'. அதைத் தொடர்ந்து 1986-இன் 'மௌன ராக'த்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'நிலாவே வா'. ஏழே வரிகளில் முப்பத்துநான்கு ஆண்டுகள் அடங்கிவிட்டன; முந்தினது பிந்தினது என்ற பேதமின்றி, இசையமைத்தவர்களும் பாடியவர்களும் ஒரே திண்ணையில் அமர்ந்த உறவினரைப் போல் அடுத்தடுத்து அமர்ந்துவிட்டனர். இளையராஜாவின் பாட்டைத் தேடி வந்த இளைஞன் ஏ. எம். ராஜாவின் பாட்டைக் கண்டு நிற்பான். பழம் பாட்டே பாட்டு என்று இருந்த முதியவர் ரகுமானின் பாட்டை ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். இந்தச் சந்திப்பை வேறு எந்த வரிசை உண்டாக்கும்?

நிலவைப் பற்றிய பாட்டெல்லாம் 'நி'யில் இல்லையே என்று யாரேனும் கேட்கக்கூடும். உண்மைதான். 1955-இன் 'மிஸ்ஸியம்மா'வில் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய வெண்ணிலாப் பாட்டு 'வா'வில் இருக்கிறது. 1957-இன் 'தங்கமலை ரகசிய'த்தில் கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதி, டி. ஜி. லிங்கப்பா இசையில் பி. சுசீலா பாடிய 'அமுதைப் பொழியும்' என்பது அகரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த 'அமுதை'த் தேடி அகரத்துக்குப் போனவன், அதற்கு முந்திய வரியில் 'அமுதும் தேனும்' என்று ஒரு பாட்டைக் காண்பான். அது 1958-இன் 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடியது; எழுதியவர், உவமைக் கவிஞர் என்று புத்தகம் படிப்போர் அறிந்த சுரதா. நிலவைத் தேடிப் போய்ச் சுரதாவைக் கண்டடைவதென்பது சாமானியமான லாபமா? பொருளால் தொகுத்த பட்டியல் நமக்கு முன்னமே தெரிந்த விருப்பத்தை நிறைவேற்றும். எழுத்தால் தொகுத்த பட்டியல் நமக்குப் புதிய விருப்பங்களை உண்டாக்கும்.

தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை முதலெழுத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மோனை என்பது நம் செய்யுளின் உயிர். அடியின் முதலெழுத்தையே பற்றிக்கொண்டு அடுத்த சீரும் அடுத்த அடியும் எழுகின்றன. கண்ணதாசனும் மருதகாசியும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் மெட்டுக்கு எழுதினாலும் மோனையைக் கைவிட்டாரில்லை. ஆகவே முதலெழுத்து நினைவுக்கு வந்துவிட்டால், கோத்து வைத்ததுபோலப் பின்னுள்ள சொற்களும் வரும். பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்தி, பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் இந்த உண்மையைக் கண்கூடாக அறிவார்கள். ஓர் எழுத்தைச் சொன்ன மாத்திரத்தில், சங்கீத சிக்ஷை ஏதும் பெறாத சாதாரண மனிதர், பல ஆண்டுகளாக நினைத்தும் பாராத பாட்டொன்றைப் பல்லவி பிசகாமல் பாடியதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பொது ஜனங்களின் ஞாபகத்தில் ஓர் அகராதி ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அதை எழுத்தில் பதிவு செய்வதே நம் வேலை.

அவ்விதம் பதியும்போது பாஷையின் சரித்திரமும் கூடவே பதிவாகும். சொல்லுக்கு முதலாகும் எழுத்துகள் இவை இவை என்று தொல்காப்பியர் வரையறுத்திருக்கிறார். குற்றியலுகரத்தை நீக்கிக் கணக்கிட்டால் அவை 93 ஆகும். சகரம் அகரத்தோடு கூடிச் சொல்லுக்கு முதலாகாது என்பது அவர் கூற்று. ரகரமும் லகரமும் முதலாகா. ஆனால் 1962-இன் 'ஆலயமணி'யில் சட்டியைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டும், அதே ஆண்டின் 'வீரத்திருமக'னில் ரோஜாவை விளிக்கும் பாட்டும் ஜனங்களின் நாவில் இன்றும் நடமாடுகின்றன. எந்த எழுத்தில் எத்தனை பாட்டு, எந்தக் காலத்தில் வடசொல் மிகுந்தது, எப்பொழுது அது குறைந்து தனித்தமிழ் மிகுந்தது, எப்பொழுது பேச்சுவழக்கு பல்லவியிலேயே வந்து அமர்ந்தது என்பதையெல்லாம் அகராதி தானே காட்டிவிடும். 'ஞ' போன்ற எழுத்துக்கு மிகச் சில பாட்டுகளே கிடைக்கும். 1965-இன் 'காக்கும் கரங்கள்' படத்தில் ஞாயிறு என்று தொடங்கும் டூயட்டு அந்தச் சிலவற்றில் ஒன்று. அந்த அருமையும் அப்பொழுதுதான் புலப்படும்.

இனி, இந்தப் பணிக்கு நீங்களே தகுதியானவர்கள் என்று நான் கருதுவதற்கு உரிய காரணத்தைச் சொல்கிறேன். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதா'ஸின் பிரதி இன்று இல்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் அதற்குப் பாட்டு எழுதினார், டி. பி. ராஜலக்ஷ்மி நடித்துப் பாடினார் என்பதை ஏடுகள் கொண்டே அறிகிறோம். 1930-களில் வெளிவந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுவே. படச்சுருள் அழிந்தது, இசைத்தட்டு எல்லாப் பாட்டுக்கும் வெளியானதில்லை, வெளியானவையும் தேய்ந்தும் உடைந்தும் போயின. பாட்டுப் புத்தகமோ, நடிகர் பட்டியலையும், 'மற்றவை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் கதைச் சுருக்கத்தையும், அவற்றின் பின்னே எல்லாப் பாட்டுகளையும் முழுமையாக ஏந்திக்கொண்டு, உங்கள் வீட்டில் பழுப்பேறிக் கிடக்கிறது. படத்திலிருந்து வெட்டப்பட்டுத் திரைக்கே வராத பாட்டுகளும் சில புத்தகங்களில் உண்டு. மலிவான காகிதம் ஆதலால் அது பொடிந்துகொண்டிருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து, முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் உதிர்ந்துபோன புத்தகங்களை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகவே இப்பணி காலம் கடத்தக்கூடியதன்று.

வேலை எளிதுபோலத் தோன்றும்; ஆயினும் முதலடி எது என்று தீர்மானிப்பதிலேயே பல சிக்கல்கள் உண்டு. ஆகவே எனக்குத் தோன்றிய சில நியமங்களை உங்கள் ஆலோசனைக்கு வைக்கிறேன். பல்லவிக்கு முன் தொகையறா வருமானால், பாட்டைப் பல்லவியின் எழுத்தில் முழுமையாகப் பதிந்து, தொகையறாவின் எழுத்தில் 'இன்ன பாட்டைக் காண்க' என்று ஒரு வரி எழுதுவது நலம். ஏனெனில் சிலர் தொகையறாவையே பாட்டின் தொடக்கமாக நினைவில் வைத்திருப்பர். ஆலாபனையையும் ஹம்மிங்கையும் ஊடே வரும் வசனத்தையும் எழுத்தாகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய புத்தகங்களில் சொற்களைச் சந்தி சேர்த்துத் தொடராக அச்சிட்டிருப்பார்கள், புதியவற்றில் பிரித்திருப்பார்கள், ஆதலால் சொல்லின் இடைவெளியைப் பாராமல் எழுத்துகளின் வரிசையை மட்டுமே பார்க்க வேண்டும். 'இராஜா' என்று பழைய புத்தகம் அச்சிட்டிருந்தால் அச்சிட்டபடியே இகரத்தில் வைத்து, ரகரத்திலும் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை அகராதி மரபுப்படி இறுதியில் வைக்கலாம். 'அடி', 'அட', 'ஏ', 'ஓ' என்று விளித்துத் தொடங்கும் பாட்டுகள் மிகுதி. விளிக்குப் பின்வரும் சொல்லின் எழுத்திலும் அவற்றுக்குக் குறிப்பு இருந்தால்தான் தேடுபவர் ஏமாறமாட்டார்.

முதலெழுத்தே சந்தேகமாக இருப்பவருக்கு நம் யாப்பிலக்கணம் கைகொடுக்கும். மோனைக்கு இனமென்று இலக்கணம் வகுத்த எழுத்துகள் உண்டு: அ, ஆ, ஐ, ஔ ஓரினம், இ, ஈ, எ, ஏ ஓரினம், உ, ஊ, ஒ, ஓ ஓரினம், மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் இனம். காதுக்கு ஒத்து ஒலிப்பவையே இனமாகக் கூடின. ஆகையால் ஞாபகம் தடுமாறும்போதும் பெரும்பாலும் அந்த இனத்துக்குள்ளேயே தடுமாறும் என்று நம்புகிறேன். மகரத்தில் அகப்படாததை வகரத்தில் தேடுக என்று ஒவ்வொரு எழுத்தின் தலைப்பிலும் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டால், தேடுபவருக்கு எவ்வளவு சிரமம் மிச்சமாகும்!

முதலடியோடு படத்தின் பெயரை எழுதும்போது ஆண்டை எழுத மறவாதீர்கள். நந்தனார் கதை 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வந்தது; 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்து வந்தது. ஒரே கதை பலமுறை படமாவதும், ஒரே பெயர் தலைமுறை கடந்து மீண்டும் வைக்கப்படுவதும் நம் சினிமாவில் வழக்கமாதலால், ஆண்டில்லாத குறிப்பு அரைக் குறிப்பே. ஒரே பாட்டு சந்தோஷமாக ஒருமுறையும் சோகமாக ஒருமுறையும், ஆண் குரலில் ஒருமுறையும் பெண் குரலில் ஒருமுறையும் வருவதுண்டு. அவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். 1947-இன் 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாளும், 1951-இன் 'மணமகள்' படத்தில் எம். எல். வசந்தகுமாரியும் பாடியவற்றுள் பாரதியாரின் பாட்டுகள் உண்டு. திரைக்கு வருமுன்பே பிறந்துவிட்ட அத்தகைய பாட்டுகளுக்கு மூலத்தையும் குறிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாட்டெழுதியவர் பெயர். பல படங்களின் தலைப்பு அட்டைகளில் கவிஞர்கள் ஐந்தாறு பேரின் பெயர்களைக் கூட்டாகப் போட்டுவிட்டார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்பது அதிலிருந்து தெரியாது. அதனால் ஒருவர் பாட்டு இன்னொருவர் பேரில் உலவுவது சாதாரணமாகிவிட்டது. இருபத்தொன்பது வயதில் 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டையாரின் பாட்டுகள் சில அவர் மறைந்த பிறகே திரைக்கு வந்தன. உடுமலை நாராயண கவி, தஞ்சை ராமையாதாஸ், கம்பதாசன், கா. மு. ஷெரீப், மாயவநாதன் முதலியோருக்கு உரிய பாட்டு அவரவர் பேரில் நிற்க வேண்டுமானால், பாட்டுக்குப் பாட்டு தனியே பெயர் அச்சிட்ட புத்தகங்கள்தாம் சாட்சி சொல்ல வேண்டும். புத்தகத்தில் பெயர் இல்லையானால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். வெற்றிடத்தைப் பின்னால் வருபவர் நிரப்பிக்கொள்வார். ஒருமுறை பதிவாகிவிட்ட பிழையைப் போக்குவது அரிது.

தனி மனிதர்களின் முயற்சியால் இத்தகைய காரியங்கள் கைகூடும் என்பதற்கு உதாரணங்கள் இல்லாமலில்லை. கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' 1931 முதற்கொண்டு ஹிந்தித் திரைப்பாட்டுகளைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பகுத்து 'ஹிந்தி பிலிம் கீத் கோஷ்' என்னும் பெருந்தொகுப்பை ஆக்கினார். நம் தமிழ்நாட்டில் பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய படச் செய்திகளை 2004-இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற நூலாகத் தந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், பிறர் குப்பையென்று ஒதுக்கிய அச்சுப் பொருள்களையும் தனியொருவராகச் சேர்த்தார். அந்தச் சேகரமே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவர்களுக்கு இருந்த சிரத்தை உங்களுக்கும் இருக்கிறது. இத்தனை காலம் அந்தப் புத்தகங்களை நீங்கள் வைத்திருப்பதே அதற்குப் பிரமாணம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. உங்கள் ஊரில் புத்தகம் வைத்திருப்பவர் யார் யார் என்று விசாரித்து ஒன்று கூடுங்கள். ஆளுக்கு ஓர் எழுத்தாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ககரமும் வகரமும் பெரும் பாரமாதலால் அவற்றை இருவர் மூவராக ஏற்றுக்கொள்ளுங்கள். மூலப் புத்தகத்தைக் கைவிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, பாட்டின் முதலடி, படம், ஆண்டு, எழுதியவர், இசை, பாடியவர் என்று வரிசைப்படுத்தினால் போதும். ஓர் எழுத்து முடிந்ததும் அதை மட்டுமே சிறு பிரசுரமாக வெளியிட்டு, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். முழு அகராதியும் முடியட்டும் என்று காத்திராதீர்கள். வீட்டிலுள்ள பெரியோர்களிடம் அந்த எழுத்தைச் சொல்லி, நினைவில் உள்ள பாட்டுகளைப் பாடச் சொல்லுங்கள். உங்கள் புத்தகங்களில் இல்லாத பாட்டு அவர்களிடமிருந்து வருமானால், எந்தப் படம் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலைஞர் பலரின் உழைப்பால் பிறந்து, கோடிக்கணக்கான மக்களின் உழைப்புக்கும் காதலுக்கும் துக்கத்துக்கும் துணை நின்ற பாட்டுகள் இவை. இவற்றில் எதுவும், எழுதியவர் பிரபலமாகவில்லை என்ற காரணத்துக்காகவோ, படம் ஓடவில்லை என்ற காரணத்துக்காகவோ நமக்குக் கிட்டாமற்போகலாகாது. அகராதியில் பெரிய பாட்டு, சிறிய பாட்டு என்ற பாகுபாடு இல்லை. எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை ஒவ்வொரு பாட்டுக்கும் வாங்கித் தரும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. இந்தத் தை மாதத்திலேயே ஓர் எழுத்தைத் தேர்ந்து தொடங்குங்கள் என்று மிக்க வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள
பாட்டன்பன் ஒருவன்